ஐம்பத்தொன்பது நட்சத்திரங்கள்

நாலு நாள். தெய்வானை ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே போனாள், அந்த இரண்டு சொற்களும் அவளோடு கூடவே வந்தன, முதல் வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பியபோதும் விடவில்லை, நாலு நாள், நாலு நாளில் ஒரு வருஷம் முடிந்துபோகிற இடம், திங்கட்கிழமை பிறந்த குழந்தைக்கு வெள்ளிக்கிழமை முதல் பிறந்தநாள் வந்துவிடும். மணி பத்து அடித்தது. நாற்பது பெண்கள் நாற்பது தாள்களைத் திருப்பினார்கள். பி.ஏ. இரண்டாம் ஆண்டு வரலாறு. அவள் இயற்பியல் துறைக்காரி, ஆனால் செமஸ்டர் பரீட்சை வந்துவிட்டால் கரூரில் அந்தப் பெண்கள் கல்லூரியில் யாருக்கு எந்த ஹால் என்று ஆபீஸில் எழுதி ஒட்டிவிடுவார்கள், துறை பார்ப்பதில்லை. ஹாலுக்குள் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, உட்காரவும் கூடாது என்று பிரின்சிபால் சர்க்குலர். ஆகவே மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். நடக்கிறவள் எதையாவது நினைத்துக்கொண்டுதானே நடப்பாள், மற்ற நாட்களில் காஸ் சிலிண்டர் வந்திருக்குமா என்று நினைப்பாள், மகளுக்கு யூனிபார்ம் காய்ந்திருக்குமா என்று நினைப்பாள், நவம்பர் மழையில் எதுவும் காய்வதில்லை. இன்றைக்கு அந்தப் பத்தி. காலையில் அவள் கணவர் ராசப்பன் சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் இட்லித் தட்டை வைத்திருந்தார், நேற்றைய ஞாயிறு இணைப்பு, தட்டைச் சுற்றித் தெரிந்த எழுத்துகளைச் சும்மா படித்தாள், சட்னி சொட்டியிருந்த இடத்துக்கு மேலே ‘கிரகம்’ என்று இருந்தது, தட்டை நகர்த்தினாள். பெகாசஸ் கூட்டத்தில் ஐம்பத்தொன்று என்று எண் போட்ட நட்சத்திரம், நம் சூரியனைப் போன்றது, அதை வியாழனில் பாதி எடையாவது இருக்கக்கூடிய ஒரு பெரிய கிரகம் நாலு நாளில் சுற்றி வருகிறது, நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு, ஆயிரம் டிகிரிச் சூட்டில். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள், அமெரிக்காவிலும் பார்த்துவிட்டுச் சரிதான் என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு பெரிய கிரகம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று இதுவரை யாரும் நினைத்ததில்லை. அந்த வாக்கியத்தில் அவள் நின்றாள். “என்னாச்சு, இட்லி ஆறுது பாரு” என்றார் ராசப்பன். “ஒண்ணுமில்லைங்க” என்றாள். யாரும் நினைத்ததில்லை. நான் நினைத்தேன். எட்டு வருஷம் பத்து மாசத்துக்கு முன்னால் பதினொரு ராத்திரி நான் அதைத்தானே நினைத்தேன்.

கடைசி வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள், கேள்வித்தாளில் ஒரு பக்கம் அச்சு மங்கலாக இருந்தது, மாற்றிக் கொடுத்தாள். ஜன்னல் வழியாக ஆற்றுப் பாலத்தில் பஸ் போவது தெரிந்தது. மலை இந்தப் பக்கம் இல்லை, வடக்கே ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் இருந்தது, அங்கே வான ஆய்வு நிலையம், ஒரு பெரிய தொலைநோக்கி, அதன்மேல் திறந்து மூடுகிற அரைக்கோளக் கூரை, அதை எல்லோரும் டோம் என்பார்கள். பிஎச்.டி.க்கு அவளுக்குக் கொடுத்திருந்தது அறுபது நட்சத்திரங்களின் பட்டியல். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளியில் உள்ள கருங்கோடுகள் நீலப் பக்கம் ஒரு மயிரிழை நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம். கண்ணாடித் தகட்டில் அந்த ஒளியைப் பதிய வைத்து, பகலில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தகட்டை வைத்து, திருகைத் திருகித் திருகி அந்த மயிரிழையை அளக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஒரு தகட்டுக்கு அரை நாள். அறுபதில் ஐம்பத்தொன்பது நட்சத்திரம் பேசாமல் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் தன் வேகத்தில், தன் வழியில். பட்டியலில் நாற்பத்திரண்டாவது மட்டும் ஆடியது. ஒருநாள் வருகிறது, ஒருநாள் போகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. இரண்டு பேர் கைகோத்துச் சுற்றினால் கனமானவரும் கொஞ்சம் ஆடித்தானே ஆக வேண்டும், கூட இருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஆள் இல்லை என்றாகிவிடுமா. பதினொரு ராத்திரியில் அளந்த பதினொரு புள்ளியையும் கிராஃப் தாளில் வைத்து ஒரு கோடு போட்டாள், கோடு மேலே போய்க் கீழே இறங்கி மறுபடி மேலே போயிற்று, மூன்றரை நாளுக்கு ஒரு தரம். கூட இருப்பது எவ்வளவு பெரிசு என்று கணக்குப் போட்டாள், வியாழனைப்போல் நாலு மடங்கு கிட்ட வந்தது. எவ்வளவு தூரத்தில் என்று போட்டாள், சூரியனிலிருந்து புதன் இருக்கிற தூரத்தில் எட்டில் ஒரு பங்கு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். அப்போது என்ன நினைத்தாள் என்பது நினைவில்லை, மலைச்சரிவில் யாரோ விறகுக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதைக் கூட வேலை பார்க்கிற நூர்ஜகானிடம் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், ராசப்பனிடம் கல்யாணமான புதிதில் சொன்னாள், மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் வருஷா வருஷம் சொல்கிறாள், ஒருமுறை மலைமேல் இப்படி ஒரு நட்சத்திரம் பார்த்தேன், சார் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல அது வழுவழுப்பாகியிருந்தது, வாயில் சிக்காமல் வெளியே வரும்.

நூர்ஜகான் தமிழ்த் துறை, இதே ஹாலில் மறுபாதி அவளுக்கு. இருவரும் அரைமணிக்கு ஒருதரம் வாசலுக்கருகே எதிர்ப்படுவார்கள், எதிர்ப்பட்டால் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசுவதைப் பிரின்சிபால்கூடக் கண்டுகொள்வதில்லை. “என்ன மிஸ், ஒரு மாதிரி இருக்கீங்க?” என்றாள் நூர்ஜகான். தெய்வானை பேப்பரில் வந்ததைச் சொன்னாள். நூர்ஜகான் வாயைப் பொத்திக்கொண்டாள். “அப்ப நீங்க சொல்வீங்களே, அதுவேதானா?” “அது வேற நட்சத்திரம். ஆனா அதே மாதிரி.” “அட அல்லாவே. உங்க சார் மட்டும் தூக்கிப் போடச் சொல்லாம இருந்திருந்தா இன்னைக்குப் பேப்பர்ல உங்க போட்டோ வந்திருக்கும்.” தெய்வானை சிரித்தாள், அந்த இடத்தில் சிரித்துத்தான் பழக்கம். நூர்ஜகான் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். “ஆமா, என்ன வார்த்தை சொன்னாரு அவரு? தூக்கிப் போடுன்னா? அழிச்சிடுன்னா?” தமிழ்க்காரிக்கு வார்த்தை வேண்டும். தெய்வானை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. ஒரு மாணவி அடிஷனல் ஷீட் கேட்டுக் கையைத் தூக்கியதால் தப்பித்தாள்.

என்ன வார்த்தை. ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நடந்தாள். அறையை நினைத்தால் வார்த்தை வரும் என்று அறையை நினைத்தாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் அருளப்பனின் அறை, மலையில் தங்கும் விடுதியின் கீழ்த்தளம், மேஜைமேல் கண்ணாடித் தகட்டு உறைகள், ஜன்னல் விளிம்பில் பல் தேய்க்கிற பிரஷ் நிற்கிற ஒரு டம்ளர், பாளையங்கோட்டையிலிருந்து அவர் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின். மத்தியானம், மூன்று மணி இருக்கும், ராத்திரி விழிக்கிறவர்களுக்கு அதுதான் காலை. கிராஃப் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “மூணரை நாளா?” இது ஒரு வார்த்தை, இது நிச்சயம். “ஆமா சார்.” “எவ்வளவு பெரிசு?” “ஜூபிடர் மாதிரி நாலு பங்கு.” அதற்கப்புறம் புத்தகத்தில் உள்ளதைச் சொன்னார், அதுவும் நிச்சயம், பெரிய கிரகமெல்லாம் குளிரான இடத்தில்தான் உருவாகும், பனிக்கட்டி சேர்ந்து சேர்ந்துதான் அவ்வளவு பெரிசாகும், நட்சத்திரத்தின் வாயில் போய் யார் பனிக்கட்டி சேர்க்கிறது என்றார், வியாழனைப் பார், சூரியனைச் சுற்றப் பன்னிரண்டு வருஷம் எடுக்கிறது என்றார். சரி. அதற்கப்புறம் தூக்கிப் போடு. இல்லை, அதற்கப்புறம் முறுக்கு டின்னைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார், அவள் எடுக்கவில்லை, அவர் எடுத்தார், கடித்தார், அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது, கடித்துக்கொண்டே கிராஃப் தாளின் ஓரத்தை விரலால் நீவினார், தூக்கிப் போட நினைக்கிறவர் ஓரத்தை நீவுவாரா, நீவிவிட்டுச் சொன்னார். என்ன சொன்னார்? மூன்றாம் வரிசை, ஒருத்தி பேனாவை உதறினாள், மை தெறித்தது. மணி பதினொன்று அடித்தது. மூன்றாம் வரிசையிலிருந்து நாலாம் வரிசைக்குத் திரும்பும்போது வார்த்தை வந்தது, அருளப்பன் சாரின் அதே திருநெல்வேலிக் குரலில், முறுக்கு மெல்லும் வாயோடு. “இன்னும் ஒரு பத்து நாள் பார்த்துட்டாத்தான் என்ன?”

அவள் நின்றுவிட்டாள். ஒரு மாணவி தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துத் தாளைக் கையால் மறைத்தாள். தெய்வானை நகர்ந்தாள். இல்லை, அது வேறு நட்சத்திரத்துக்குச் சொன்னது, பதினேழுக்கு, பதினேழுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. பதினேழுக்கு எதற்குப் பத்து நாள், பதினேழில் தகடு உடைந்துபோயிற்று, ஒரு ராத்திரி போதும். இது நாற்பத்திரண்டுக்குத்தான். பத்து நாள் என்றால் அடுத்த முறை தொலைநோக்கி கிடைக்கிறபோது, அடுத்த முறை மார்ச் மூன்றாம் வாரம். மார்ச் மூன்றாம் வாரம் பங்குனி. பங்குனி பன்னிரண்டு கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, அவள் கையில் மஞ்சள் தடவிய உறை இருந்தது, ஆமாம், கிராஃப் தாளோடு அதையும்தானே எடுத்துப் போனாள், சாருக்கு முதல் பத்திரிகை. கல்லூரி வேலைக்கு ஆர்டரும் வந்திருந்தது, ஜூனில் சேர வேண்டும், சேரும்போது ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததற்கு அத்தாட்சி வேண்டும், அதை டைப் அடிக்க இரண்டு மாசம். எல்லாம் வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, பாத்திரம் அடுக்கியமாதிரி அடுக்கியிருந்தது, நடுவில் ஒரு பத்து நாளைச் செருகினால் எல்லாம் சரியும். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார், ஆனால் பேச்சை நிறுத்திவிடுவார். ராசப்பன் வீட்டார் அதுவரைக்கும் பெண் மலைமேல் ராத்திரியில் என்ன வேலை செய்கிறாள் என்பதைக் கேட்காமல் இருந்தார்கள், கேட்காமல் இருந்ததே பெரிய உபகாரம். ஆகவே. ஆகவே என்ன? அவள்தான் சொல்லியிருக்கிறாள். “வேண்டாம் சார். இது ஹீட்டர்தான்.”

வாசல்வரை போய்த் திரும்பினாள். தண்ணீர்ப் பானை வராந்தாவில் இருந்தது, ஹாலை விட்டுப் போகக் கூடாது. ஹீட்டர்தான் என்று தான் சொன்னது அவளுக்குப் புதிதில்லை, அது ஆய்வேட்டிலேயே இருக்கிறது, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு, நாற்பத்திரண்டாம் நட்சத்திரத்தின் அளவுகள் கருவி அறையின் வெப்பநிலை மாற்றத்தால் பாதிக்கப்பட்டதால் இங்கே சேர்க்கப்படவில்லை. ஒரே வாக்கியம். கருவி இருக்கும் அறையில் சூடு ஏறி இறங்கினால் உலோகம் விரிந்து சுருங்கும், கோடு நகர்ந்தமாதிரி காட்டும், நட்சத்திரம் சும்மா இருக்கும்போதே ஆடுகிறமாதிரி தெரியும். அதற்காகத்தான் அங்கே ஹீட்டர் வைத்து ஒரே சூட்டில் வைப்பது. ஹீட்டர் சரியாக வேலை செய்யாவிட்டால் இப்படி ஆகும், எந்தப் பரீட்சகரும் ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொண்டார், வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவே இல்லை. அதனால் அது நியாயமான காரணம். சார் சொன்னாலென்ன, நான் சொன்னாலென்ன, காரணம் நியாயமானது. ஆனால் அப்படியானால் சார் சொன்னார் என்று எதற்கு எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாம் வரிசையில், சுவரோரம், ஒரு பெண் இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு வலது கையால் எழுதினாள். வளையலை முழங்கைவரை தள்ளியிருந்தாள். தெய்வானை பக்கத்தில் போய் நின்றாள். பெண் நிமிரவில்லை, காது மட்டும் சிவந்தது. முன்கையில் நீல மையில் பொடிப்பொடியாகச் சண்டைகளின் வருஷங்கள். பிடித்துக் கொடுத்தால் இந்தத் தாள் மட்டுமல்ல, மூன்று செமஸ்டர் போய்விடும். விதி அதுதான், அவளே இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். “போய்க் கையைக் கழுவிட்டு வந்து எழுது” என்றாள். பெண் எழுந்து போனாள், திரும்பி வரும்போது சோப்பு வாசனை வந்தது, முன்கை தேய்த்துத் தேய்த்துச் செவசெவ என்றிருந்தது, உட்கார்ந்து அதுவரை எழுதியிருந்த இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு மூன்றாம் பக்கத்தில் ஆரம்பித்தாள். ஈரக் கை தாளில் பட்டு ஒட்டியது. ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே வந்தது, தெய்வானை கதவைச் சாத்தப் போனாள், இரும்புக் கம்பி சில்லென்றிருந்தது.

சில். கம்பியைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. அந்தப் பதினொரு ராத்திரியும் இந்தச் சில்லென்ற இரும்புதான். இரண்டு ஸ்வெட்டர், ஒன்றின்மேல் ஒன்று, உள்ளே போட்டது அப்பாவுடையது, கைக்கு நீளம். காதைச் சுற்றி மஃப்ளர். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது டோமுக்குள், டோமுக்குள் எப்போதும் குளிர்தான், திறந்த கூரை. இல்லை, கருவி அறைக்குள்ளும் அந்தப் பாட்டிலை எடுத்துப்போனாள், தகடு மாற்றும்போது விரல் மரத்துப்போய்த் தகடு நழுவப் பார்த்தது, பாட்டிலைப் பிடித்துவிட்டு விரல் சூடானதும் மாற்றினாள். கருவி அறையில் எதற்கு விரல் மரக்க வேண்டும்? அங்கேதான் ஹீட்டர் இருக்கிறதே. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். சுவரில் ஹீட்டர் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டையும், சுண்ணாம்பு படாத ஒரு நீள்சதுரமும். ஹீட்டர் அங்கே இல்லை. ரிப்பேருக்குப் போயிருந்தது. அதற்கு முந்தின மாசமே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பதினொரு நாளும் அறையில் ஹீட்டரே இல்லை, குளிர் ஒரே மாதிரி இருந்தது, சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரை ராத்திரிக்கு நாலு தரம் பார்த்து நோட்டில் எழுதியவளும் அவள்தான், ஒன்பது டிகிரி, ஒன்பது, எட்டரை, ஒன்பது.

நூர்ஜகான் எதிரே வந்தாள். “தலைவலியா மிஸ்? நான் வேணா உங்க பக்கமும் பாத்துக்கறேன்.” “இல்லைங்க, சும்மாதான்.” பன்னிரண்டு அடித்தது. இன்னும் ஒரு மணி நேரம். தெரிந்துதான் சொன்னேனா? அதுதான் இப்போது கேள்வி. அன்றைக்கு அறையில் உறையை நீட்டிக்கொண்டே ஹீட்டர்தான் சார் என்று சொன்னபோது, சுவரில் இருந்த நீள்சதுரம் தெரிந்ததா, தெரியவில்லையா. தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் மறுக்கப்போவதில்லை, சாட்சி இல்லை. இப்படித்தான் அதையும் சொல்லிக்கொண்டாள், சார் சொன்னார் என்று, முதலில் ராசப்பனிடம், கல்யாணமான மூன்றாம் மாசம், மொட்டை மாடியில், அவர் வானத்தைக் காட்டி நீ என்னதான் பார்த்தே அங்கே என்று கேட்டபோது. அவர் பாவம் என்று சொல்லித் தலையைத் தடவினார். அந்தத் தடவல் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் கதை அப்படியே நின்றுவிட்டது, அருளப்பன் சாரை அவள் ஒவ்வொரு வருஷமும் நாற்பது மாணவிகள் முன்னால் நிறுத்தி வைத்துப் பேசியிருக்கிறாள், புத்தகத்துக்கு வெளியே பார்க்கத் தெரியாத மனிதர் என்று, அவர் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கார்டு அனுப்புகிறார். பயம் என்ன என்று பார்த்தாள், பெயர் வைத்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம். நாற்பத்திரண்டில் கிரகம் இருக்கிறது, யாரோ ஒருவர் அடுத்த வருஷம் கண்டுபிடிப்பார், பேப்பரில் வரும், அது ஒரு பயம். நாற்பத்திரண்டில் ஒன்றுமே இல்லை, அந்த ஆட்டம் கருவியின் ஆட்டம்தான், அவள் அளவுக்குத் தவறே நொடிக்கு முந்நூறு நானூறு மீட்டர் வரைக்கும் இருந்தது, நட்சத்திரம் ஆடியதோ ஐந்நூறு, கொஞ்சம்தான் வித்தியாசம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அது இன்னொரு பயம். எது பெரிசு? இருந்தால் திருடு கொடுத்தவள், இல்லாவிட்டால் எட்டு வருஷமாகப் பொய் சொன்னவள். இருந்தாலும் பொய் சொன்னவள்தான். அங்கே வந்து நினைப்பு நின்றது, தட்டித் தட்டிப் பார்த்தும் அதைத் தாண்டவில்லை.

கடைசி மணிக்கு முந்தின ஐந்து நிமிஷ மணி அடித்ததும் நூல் கட்டச் சொன்னாள். ஒரு மணிக்குத் தாள்களை வாங்கினாள். கையைக் கழுவிய பெண் தாளை நீட்டும்போது முதல் இரண்டு பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டிருந்தது தெரிந்தது. தெய்வானை தாள்களை எண்ணிக் கட்டி ஆபீஸில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். நம்பர் கைப்பை டயரியில் இருந்தது, சுழற்றும்போது ஒருதரம் தப்பாகிவிட்டது, மறுபடி சுழற்றினாள். அவர் மலைமேல் இருந்தால் கிடைக்க மாட்டார். கீழே ஊர் ஆபீஸில்தான் இருந்தார்.

“அருளப்பன்” என்றது குரல்.

“சார், தெய்வானை பேசறேன். கரூர்லேர்ந்து.”

“தெய்வானையா.” கொஞ்சம் மூச்சு வாங்கியது கேட்டது. “பேப்பர் பார்த்தியாம்மா.”

“பார்த்தேன் சார்.” யோசித்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் காணாமல் போயிற்று. “சார், அந்த ஜனவரில ஹீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. ரூம்ல ஹீட்டரே இல்ல.”

“தெரியும்” என்றார் அருளப்பன்.

பூத்துக்கு வெளியே மழை வலுத்தது. “எப்பத் தெரியும் சார்?”

“அப்பவே தெரியும். ஹீட்டரை மெட்ராஸுக்கு அனுப்பின காகிதத்துல கையெழுத்துப் போட்டவனே நான்தானே.”

“அப்புறம் ஏன் சார் ஒண்ணும் சொல்லலை?”

“நீ கல்யாணப் பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டு நின்னே. அது ஒண்ணு. அது மட்டும் இல்லம்மா. நீ ஹீட்டர்னதும் எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. மூணரை நாள்னு எழுதிக்கிட்டுப் போய் நாலு பேர் முன்னாடி நிக்கணுமேன்னு பயந்துகிட்டுத்தான் இருந்தேன். நீயே வேண்டாம்னுட்ட. சரின்னுட்டேன்.”

அவரே தொடர்ந்தார். “தொண்ணூறுல எனக்கு மூணு ராத்திரி கிடைச்சுது. நாற்பத்திரண்டைப் பார்த்தேன்.”

“சொல்லவே இல்லையே சார்.”

“என்னத்தச் சொல்ல. ரெண்டு புள்ளி உன் கோட்டுல உக்காந்துச்சு. ஒண்ணு உக்காரலை. விட்டுட்டேன்.”

“நம்பர் இருக்கா சார்?”

டிராயர் இழுக்கும் சத்தம், காகிதம் புரளும் சத்தம். அவள் டயரியின் பின்பக்கத்தைத் திறந்தாள். அவர் வாசித்தார். முதல் ராத்திரி கூட்டல் நானூற்றுப் பத்து, நொடிக்கு அத்தனை மீட்டர் விலகிப் போகிறது என்று கணக்கு. அடுத்த ராத்திரி கூட்டல் நூற்றறுபது. அப்புறம் மேகம், பதினாலு நாள் கழித்துத்தான் மூன்றாவது, கழித்தல் நானூற்றைம்பது. “உன் கோட்டுப்படி அன்னைக்கு அது கூட்டல் இருநூறு பக்கம் இருந்திருக்கணும். நேர் எதிர்ப்பக்கம் போயிருச்சு.”

தெய்வானை எழுதியதைப் பார்த்தாள். “எத்தனை நாள் சுற்றுன்னு வச்சுக் கணக்குப் போட்டீங்க?”

“மூணரை. நீ வரைஞ்சு கொடுத்தது.”

“மூணரை இல்லைங்க சார். உங்ககிட்ட காட்டறதுக்கு முழுசா இருக்கட்டும்னு அப்படி எழுதினேன். என் நோட்டுல மூணு புள்ளி மூணு.”

முதல் ராத்திரியிலிருந்து மூன்றாவது வரைக்கும் பதினைந்து நாள், அதை மூன்று புள்ளி மூன்றால் வகுத்தாள், டயரி ஓரத்தில், நின்றவாக்கில். நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். அரைச் சுற்று என்றால் எதிர்ப்பக்கம். கூட்டலில் ஆரம்பித்தது கழித்தலில் இருக்க வேண்டும். மறுமுனையிலும் பென்சில் ஓடுவது கேட்டது, அவர் எழுதும்போது நாக்கைச் சப்புக்கொட்டுவார், அதுவும் கேட்டது.

“கழித்தல் நானூத்தெழுபது வருது” என்றார் கடைசியில்.

“எனக்கும் அதான் வருது.”

“மூணு புள்ளிதான்.”

“ஆமா சார், மூணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நம்ம மிஷின் தவறே நானூறு.”

“போதாது.”

“போதாது சார்” என்றாள். பூத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். “சார், நான் எல்லார்கிட்டயும் நீங்கதான் தூக்கிப் போடச் சொன்னீங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். எட்டு வருஷமா.”

“சொல்லியிருப்பேன்மா, நீ சொல்லலேன்னா நானே சொல்லியிருப்பேன்” என்றார். பிறகு வேறு குரலில், “அடுத்த ஜூன்ல எனக்கு ரிட்டயர்மெண்ட். அதுக்குள்ள ஜனவரில நாலு ராத்திரி வாங்கி வச்சிருக்கேன். புது டிடெக்டர் வந்திருக்கு, தகடெல்லாம் இல்ல இப்ப. தவறு ரொம்பக் கம்மி. ஆனா எனக்கு முன்னமாதிரி முழு ராத்திரி உக்கார முடியலை.”

“ஜனவரில எப்ப சார்?”

“பதிமூணுலேர்ந்து பதினாறு.”

“பொங்கல் சார் அது.”

“ஆமா. அதனாலதான் வேற யாரும் கேக்கலை, எனக்குக் கிடைச்சுது.”

கல்யாணமானதிலிருந்து எட்டுப் பொங்கலும் பரமத்தியில், மாமியார் வீட்டில். ராசப்பனிடம் முதலில் எதைச் சொல்வது, மலைக்குப் போவதையா, மொட்டை மாடியில் சொன்னதையா. மகளை யார் பார்த்துக்கொள்வார்கள். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், ஊர் முழுக்கச் சொல்வார். பூத்துக்காரர் கண்ணாடியைத் தட்டி, பின்னால் ஆள் நிற்கிறது என்று சைகை காட்டினார். அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு டயரியில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

“இப்பல்லாம் டோமை எத்தனை மணிக்குத் திறக்கறீங்க சார்?” என்று கேட்டாள்.